ஹேமர் டிரில்: சுவரை அறிந்து இயந்திரத்தைத் தயார் செய்தல்

சாதாரண டிரில் இயந்திரம் சுழல மட்டுமே செய்யும். மரத்தையும் இரும்புத் தகட்டையும் முனையில் மாட்டிய துளையிடும் பிட்டின் விளிம்பு சீவி எடுத்துவிடுவதால் அவற்றுக்கு அந்தச் சுழற்சி போதும். கான்கிரீட் அப்படிச் சீவலாக வருவதில்லை. அதை நொறுக்கிப் பொடியாக்கித்தான் வெளியே எடுக்க முடியும். அதற்காக ஹேமர் டிரில்லின் உள்ளே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு எஃகுத் தட்டுகள் எதிரெதிரே வைக்கப்பட்டிருக்கின்றன. பிட்டைச் சுவரில் வைத்து அழுத்தும்போது அந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க, பிட் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் அதிர்கிறது. நிமிடத்துக்கு 2,800 முறை சுழலும் இயந்திரத்தின் தட்டில் 16 பற்கள் இருந்தால், சுவரின்மீது விழும் அடிகள் நிமிடத்துக்கு 44,800 ஆகும். அடி ஒவ்வொன்றும் மிகச் சிறியது. எண்ணிக்கைதான் வேலையை முடிக்கிறது.

கட்டட வேலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் ரோட்டரி ஹேமர் வேறு வகை. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. நிமிடத்துக்கு நான்காயிரம், ஐயாயிரம் அடிகள்தான் என்றாலும் ஒவ்வொன்றும் பல மடங்கு வலுவானவை. அதற்கான எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டின் அடிப்பகுதி 10 மில்லிமீட்டர் தடிமனில் பள்ளங்களுடன் இருக்கும். ஹேமர் டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கில் அதை மாட்டக் கூடாது. திரைச்சீலைக் கம்பி, அலமாரி, தண்ணீர் சுத்திகரிப்பான், டிவி ஸ்டாண்டு ஆகியவற்றை மாட்டுவதற்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான துளைகள் போதும் என்பதால், 13 மில்லிமீட்டர் சக் கொண்ட, 550 முதல் 650 வாட் வரையிலான ஹேமர் டிரில்லே ஒரு வீட்டுக்குத் தாராளம். கான்கிரீட் தளத்தில் பத்து இருபது துளைகள் போட வேண்டிய நிலை வந்தால், ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

பெரும்பாலான வீடுகளில் இந்த இயந்திரத்தின் மேலே உள்ள, சுழற்சியா சுத்தியலா என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான் ஒருமுறை சுத்தியல் குறிக்குத் தள்ளப்பட்டால் பிறகு அங்கேயே நின்றுவிடுகிறது. டைல்ஸ் விரிசல் விடுவதற்கும், துளை பொக்கென்று பெரிதாகி, ஸ்க்ரூவைப் பிடிக்க அதற்குள் செருகும் ராவல் பிளக் ஆடுவதற்கும், உட்சுவரின் மறுபக்கப் பூச்சு பெயர்ந்து விழுவதற்கும் இதுவே முதல் காரணம். சுத்தியல் முறை தேவையா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியது சுவர். ஆகவே இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் சுவரைப் பார்த்தாக வேண்டும்.

எந்தச் சுவர்

தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே அறையில் மூன்று நான்கு வகைப் பொருள்கள் ஒரே பெயிண்டுக்குக் கீழே மறைந்திருக்கும். வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல்லாகவும், அறைகளுக்கு இடையிலான தடுப்புச் சுவர் நான்கரை அங்குலமாகவும் இருப்பது வழக்கம். மூலைகளிலும் நீண்ட சுவர்களின் நடுவிலும் பில்லர் நிற்கும். ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே கான்கிரீட் லிண்டல் ஓடும். சில வீடுகளில் அது வீட்டைச் சுற்றிலும் தொடர்ந்து செல்லும். திரைச்சீலைக் கம்பி மாட்ட முயல்பவர்கள் ‘மெஷின் சரியில்லை, துளையே இறங்கவில்லை’ என்று நொந்துகொள்வது பெரும்பாலும் இந்த லிண்டலில்தான். இயந்திரத்தில் குறையிருக்காது, அங்கே செங்கல் இல்லை, அவ்வளவே.

செங்கல்லுக்குச் சுத்தியல் முறையை மிதமான வேகத்தில் பயன்படுத்தலாம்; மென்மையான நாட்டுச் செங்கல்லானால் சுழற்சி மட்டுமே போதுமானதாக இருக்கும், துளையும் வட்டமாக வரும். கான்கிரீட்டுக்குச் சுத்தியல் முறை கட்டாயம். ஹாலோ பிளாக் சுவரிலும், இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களில் பரவலாகிவிட்ட வெள்ளை நிற ஏஏசி பிளாக் சுவரிலும் சுத்தியல் முறையைத் தொடவே கூடாது. முன்னதில் உள்ளறைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய தடுப்பு உடைந்து பிளக்குக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். பின்னதில் நுண்ணிய காற்றறைகள் நொறுங்கி, 8 மில்லிமீட்டர் பிட்டுக்கு 12 மில்லிமீட்டர் பள்ளம் உண்டாகும். நான்கரை அங்குலத் தடுப்புச் சுவரில் ஆழம் கூடினால் அடுத்த அறையின் பூச்சு சில்லுச் சில்லாக உதிரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சுவர் எது என்று தட்டிப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்வது துளையிலிருந்து வரும் தூள்தான். முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பூச்சுக் கலவையின் சாம்பல் தூள் எந்தச் சுவரிலும் வரும்; அதற்குப் பின் வருவதைக் கவனிக்க வேண்டும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெண்மையாகவும் லேசாகவும் வந்தால் ஏஏசி பிளாக். சாம்பல் தூள் தொடர்ந்து வந்து பிட்டும் எளிதாக இறங்கினால், அது ஃப்ளை ஆஷ் கல்லாகவோ இரண்டு கற்களுக்கு இடையேயுள்ள சிமெண்ட் இணைப்பாகவோ இருக்கும். சாம்பல் தூள் மிக மெல்ல வந்து, பிட் இறங்க மறுத்தால் கான்கிரீட். தூளில் உலோகப் பளபளப்புத் தெரிந்து பிட் ஓரிடத்திலேயே வழுக்கி நின்றால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி. அங்கே மேலும் அழுத்துவது பிட்டின் முனையைத்தான் அழிக்கும், கட்டடத்துக்கும் நல்லதல்ல. துளையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். தூள் ஈரமாக வந்தால் அருகில் தண்ணீர்க் குழாயோ கசிவோ இருக்கிறது. பிளாஸ்டிக் சீவல் வந்தால் பிட் ஏற்கெனவே பைப்பைத் தொட்டுவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி, அந்தப் பகுதியின் மின்சாரத்தையும் தண்ணீரையும் அடைத்த பிறகே அடுத்ததை யோசிக்க வேண்டும்.

சுவருக்குள் ஓடுபவை

நம் வீடுகளின் கன்சீல்டு வயரிங் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் போடப்படுகிறது. தளம் போடும்போதே அதற்குள் பைப்புகளைப் பதித்து, அங்கிருந்து சுவர் வழியாகச் செங்குத்தாக ஸ்விட்ச் போர்டுக்கு இறக்குகிறார்கள். எனவே ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், சுவர் விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது; இரு பக்கமும் அரையடியாவது விலகிச் செல்வது நல்லது. ஒரு போர்டிலிருந்து பக்கத்துப் போர்டுக்குக் கிடைமட்டமாகப் பைப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. குளியலறையில் குழாய்க்கு மேலும் கீழும், கலவைக் குழாய்க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் இடையிலும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். கட்டும்போது சுவர் பூசுவதற்கு முன் எடுத்த புகைப்படம் இருந்தால் அதைவிடச் சிறந்த வரைபடம் வேறில்லை; வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைக்கலாம். உலோகத்தையும் மின்னோட்டமுள்ள வயரையும் காட்டும் கையடக்க டிடெக்டர் உதவும். ஆனால் அது எதையும் காட்டவில்லை என்பதால் உள்ளே எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் குழாயையும், மின்னோட்டம் இல்லாத வயரையும் பல டிடெக்டர்கள் தவறவிடும்.

இடத்தில் சிறிது சந்தேகம் இருந்தாலும் மின்பெட்டியில் அந்த அறைக்கான எம்சிபி ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் மூலம் இயந்திரத்துக்கு மின்சாரம் எடுப்பதே சரியான முறை. வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். சுருள் வடிவ எக்ஸ்டென்ஷனாக இருந்தால் வயரை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுருளுக்குள்ளேயே விட்டால் வயர் சூடேறும். 600 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் சுமார் 2.6 ஆம்பியர் எடுக்கும் என்பதால் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டே போதும். பிளக்கில் இரண்டே பின்கள் இருப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது. அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் வயரின் மேலுறை வெடித்திருந்தால் இந்தக் காப்புக்குப் பொருளில்லை. கருப்பு டேப் சுற்றி ஓட்டாமல் வயரையே மாற்ற வேண்டும்.

இயந்திரத்தைத் தயார் செய்தல்

பிட் மாட்டுவது, கழற்றுவது, கைப்பிடியைத் திருகுவது ஆகிய அனைத்தையும் பிளக்கைப் பாயிண்டிலிருந்து உருவிய பிறகே செய்ய வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் உரிய பிட்டின் முனையில், தண்டைவிடச் சற்று அகலமாக, டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். இரும்புக்கான பிட்டில் அது இருக்காது. அதைச் சுத்தியல் முறையில் சுவருக்குள் செலுத்தினால் சில நொடிகளில் மழுங்கிவிடும். மரத்துக்கான பிட்டை நடுவிலுள்ள கூர்முனையால் அடையாளம் காணலாம். சக்கின் மூன்று தாடைகளையும் விரித்து, பிட்டை உள்ளே செல்லும்வரை செலுத்தி, ஓரிரு மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அது மூன்று தாடைகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக் கையால் இறுக்க வேண்டும். மெல்லிய பிட் இரண்டு தாடைகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டு, இறுகிவிட்டதுபோல் தோற்றம் தருவது உண்டு. பிறகு சக் சாவியை மூன்று துளைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து இறுக்க வேண்டும். ஒரே துளையில் இறுக்கிவிட்டு நிறுத்தினால், சுத்தியல் அதிர்வில் பிட் தளர்ந்து சக்குக்குள்ளேயே சுழலத் தொடங்கும். சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். சக்கில் மறந்துபோன சாவி, ஸ்விட்சை அழுத்திய கணத்தில் அறையின் எந்த மூலைக்கும் பறக்கும். சாவியை ஒரு கயிற்றால் பிளக்குக்கு அருகில், வயரின் முனையில் கட்டிவைத்தால், பிளக்கை உருவாமல் சாவியைப் பயன்படுத்தவே முடியாது.

பக்கக் கைப்பிடியை மாட்டாமல் வேலை செய்பவர்கள் மிகப் பலர். இயந்திரத்தின் கழுத்தில் அந்தப் பிடியைச் செருகி, வசதியான கோணத்துக்குத் திருப்பி, கைப்பிடியையே முறுக்கி இறுக்க வேண்டும். பிட் கம்பியிலோ கல்லிலோ சிக்கி நின்றுவிட்டால் மோட்டாரின் முழு விசையும் இயந்திரத்தின் உடலைத் திருப்பும். ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும், ஏணியின்மீது நின்றால் ஆளையே தள்ளிவிடும். அதே கைப்பிடியில் ஆழம் அளக்கும் கம்பி ஒன்றும் செருகப்பட்டிருக்கும். பிட்டின் முனைக்கும் அந்தக் கம்பியின் முனைக்கும் இடையிலுள்ள தூரம்தான் துளையின் ஆழம் என்பதால், ராவல் பிளக்கின் நீளத்துடன் 5 முதல் 10 மில்லிமீட்டர் கூட்டி அதை நிறுத்த வேண்டும். தூளின் மிச்சம் துளையின் அடியில் தங்குவதற்கு அந்த இடைவெளி தேவை. கம்பி தொலைந்துபோயிருந்தால் பிட்டின்மீது அந்த அளவில் டேப் சுற்றிக்கொள்ளலாம்.

மின் பிளக்கைப் பாயிண்டில் சொருகுவதற்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்விட்சின் பக்கத்திலிருக்கும் பூட்டுப் பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தால், மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கும். நடுவில் மின்வெட்டு ஏற்பட்டு அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாலும் இதே ஆபத்துதான். கையில் பிடித்துச் சுவரில் துளையிடும்போது அந்தப் பூட்டுக்கு எந்த வேலையும் இல்லை. கரண்ட் போனால் முதலில் பிளக்கை உருவ வேண்டும். சுழலும் திசையைத் தேர்ந்தெடுக்கும் நெம்பை முன்பக்கமாக வைத்து, சில நொடிகள் வெற்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிட்டின் முனை ஒரு புள்ளியாகத் தெரியாமல் வட்டமடித்தால் அது கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. திசை நெம்பையும், சுழற்சியா சுத்தியலா என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானையும் மோட்டார் முழுவதும் நின்ற பிறகே மாற்ற வேண்டும். பின்னோக்கிச் சுழலும்போது சுத்தியல் முறையைப் பயன்படுத்தவே கூடாது.

உடையும் காப்பும்

கண்ணாடி அணிபவர்களும் அதன்மேல் பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை அணிய வேண்டும். ஹேமர் டிரில்லின் இரைச்சல் 85 டெசிபலைத் தாராளமாகத் தாண்டும் என்பதால், ஒரே ஒரு துளைதானே என்று எண்ணாமல் காதடைப்பானும் வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படுவது தூள். கான்கிரீட், செங்கல், பூச்சு மூன்றிலும் படிக சிலிக்கா உண்டு. அதன் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் நோயைத் தருகின்றன. மூக்கில் கட்டிய கைக்குட்டை கண்ணுக்குத் தெரியும் தூளை மட்டுமே தடுக்கும். என்95 முகக்கவசம் தேவை. வருடத்துக்கு நான்கு துளை போடும் வீட்டுக்காரருக்கு இதனால் பெரிய கேடு வந்துவிடாது என்றாலும், நாள் முழுவதும் இதே வேலையைச் செய்யும் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் முகக்கவசமின்றி நம் வீட்டில் துளையிடுவதைக் கண்டால் ஒன்றை எடுத்துக் கொடுப்பது நம் கடமை.

துப்பட்டா, முந்தானை, தோளில் போட்ட துண்டு, நீண்ட சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் சக்கில் சுற்றிக்கொள்ளும். தளர்ந்த துணிக் கையுறையும் அப்படியே; பிட்டுக்கு அருகில் அது பாதுகாப்பைவிட ஆபத்தையே கூட்டுகிறது. உயரத்தில் வேலை என்றால் பிளாஸ்டிக் நாற்காலியின்மீது ஏறக் கூடாது. நான்கு காலும் தரையில் பதியும் மடக்கு ஏணியில், இடுப்பு ஏணியின் சட்டத்துக்குள்ளேயே இருக்குமாறு நின்று, இரண்டு கைகளாலும் இயந்திரத்தைப் பிடிக்க முடிகிற உயரத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும். மின்கருவியுடன் ஏறுவதற்கு அலுமினிய ஏணியைவிட மர ஏணி ஏற்றது.

துளையிடுதல்

ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கூட்டல் குறி போட்டு, அந்தப் புள்ளியில் ஆணியால் மெல்லத் தட்டிச் சிறு குழி உண்டாக்கினால் பிட் வழுக்காது. கான்கிரீட்டாகவே இருந்தாலும் தொடக்கம் சுழற்சி முறையில், ஸ்விட்சை லேசாக அழுத்தி, மிகக் குறைந்த வேகத்தில் இருக்க வேண்டும். பிட் நான்கைந்து மில்லிமீட்டர் இறங்கித் தனக்கென ஒரு பள்ளத்தை அமைத்துக்கொண்ட பிறகு, இயந்திரத்தை நிறுத்தி, சுத்தியல் முறைக்கு மாற்றித் தொடரலாம். சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை ஒருவர் பக்கவாட்டில் நின்று சொன்னால் நல்லது; துளையிடுபவரின் கண்ணுக்கு மேல்கீழ்ச் சாய்வு சரியாகத் தெரியாது.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது கைப்பழக்கத்தால் வருவது. ஆனால் ஓர் அளவுகோல் உண்டு. பற்தட்டுகள் ஒன்றோடொன்று உரச வேண்டுமென்பதால் ஹேமர் டிரில்லுக்கு உறுதியான அழுத்தம் தேவைதான். மோட்டாரின் ஒலி தாழ்ந்து முனகத் தொடங்கினால் அது அதிகமாகிவிட்டது. அந்த நிலையில் உடல் எடையைச் சாய்த்துத் தள்ளுவது மோட்டாரைச் சூடாக்கும், பிட்டை வளைக்கும், சுவரைத் துளைக்காது. பதினைந்து இருபது மில்லிமீட்டருக்கு ஒருமுறை, பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே, அதைப் பின்னால் இழுத்துத் தூளை வெளியேற்ற வேண்டும். தூள் உள்ளேயே தேங்கினால் அதுவே மெத்தைபோல் அடியை வாங்கிக்கொள்ளும். துளை நின்றுபோனதற்கு மழுங்கிய பிட்டைவிட இதுவே அதிகம் காரணமாக இருக்கிறது. பிட்டின் முனை சூடாகியிருந்தால் தானே ஆறவிட வேண்டும். தண்ணீரில் நனைத்தால் கார்பைடு விரிசல் விடும்.

லிண்டலில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் துளை வேண்டுமென்றால், முதலில் 6 மில்லிமீட்டர் பிட்டால் முழு ஆழமும் துளைத்துவிட்டுப் பிறகு பெரிய பிட்டைச் செலுத்துவது சிறிய இயந்திரத்துக்கு எளிது. இரண்டாவது பிட் திடீரென்று கவ்விக்கொள்ளக்கூடும் என்பதால் வேகத்தைக் குறைத்துப் பிடியை உறுதியாக வைக்க வேண்டும். பிட் சிக்கிக்கொண்டால் உடனே விரலை ஸ்விட்சிலிருந்து எடுத்து, பிளக்கை உருவி, சக்கைக் கையால் பின்னோக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், சுழற்சி முறையில் பின்னோக்கி மெல்ல ஓட்டி எடுக்கலாம். பில்லரின் விளிம்பில், மூலையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், துளையிட்டால் ஓரம் பெயர்ந்து வரும். பில்லரிலும் பீமிலும் சிறு பிளக் துளைகள் பாதகமில்லை; குழாயோ வயரோ நுழைக்கப் பெரிய துளை வேண்டுமென்றால் பொறியாளரைக் கேட்காமல் கையை வைக்கக் கூடாது.

தூள் தரையெங்கும் பரவாமலிருக்க, துளைக்குச் சற்றுக் கீழே ஒரு காகிதத்தை மடித்துப் பைபோல டேப்பால் ஒட்டலாம். வாக்குவம் கிளீனரின் குழாயை ஒருவர் பக்கத்தில் பிடித்தால் இன்னும் நல்லது. துளையை வாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்தத் தூள் நேராகக் கண்ணுக்கும் மூக்குக்கும்தான் திரும்பும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழல் மலிவாகவே கிடைக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நண்பகல் உறக்க நேரத்தைத் தவிர்த்தால் அண்டை வீட்டாரின் நட்பும் நிலைக்கும். கான்கிரீட் வழியாக இந்த ஒலி இரண்டு மாடி தாண்டிக் கேட்கும்.

டைல்ஸும் தளமும்

டைல்ஸ்மீது சுத்தியல் முறை முற்றிலும் கூடாது. பென்சில் குறியின்மேல் டேப் ஒட்டி, ஈட்டி முனைபோன்ற டைல்ஸ் பிட்டை மாட்டி, குறைந்த வேகத்தில், சிறிதளவு அழுத்தத்துடன் தொடங்க வேண்டும். பிட் பளபளப்பான மேற்பரப்பைக் கடந்து டைல்ஸ் முழுவதையும் துளைத்து, கலவையை அடைந்ததும் நிறுத்திவிட்டு, சுவருக்கான பிட்டை மாற்றி, பின்புறச் சுவரின் தன்மைக்கேற்பத் தொடரலாம். டைல்ஸில் போடும் துளை பிளக்கைவிட ஒரு நூலளவு பெரிதாக இருந்தால், பிளக் விரியும்போது டைல்ஸ் வெடிக்காது. விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் மூலை உடையும். விட்ரிஃபைடு டைல்ஸ் சாதாரணச் செராமிக்கைவிடக் கடினமானது. ஈட்டி முனைப் பிட் அதில் சூடேறிக் கருகும். அதற்கு வைரத்தூள் பூசிய குழல் பிட்டே தகும். அதைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இயக்க வேண்டுமென்பதால், ஒருவர் ஸ்பாஞ்சினால் சொட்டுச் சொட்டாக நீர்விட, நீர் இயந்திரத்தின் உடலை எட்டாதவாறு மற்றவர் துளையிட வேண்டும். நீர் கைப்பிடி நோக்கி வழியக்கூடிய கோணத்தில் இதைச் செய்யவே கூடாது.

தளத்தில், அதாவது தலைக்கு மேல், துளையிடுவது எல்லாவற்றிலும் கடினம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் செல்லும் பைப்புகள் தளத்துக்குள் எந்தத் திசையிலும் ஓடியிருக்கலாம். கம்பிகளும் அடிப்பரப்பிலிருந்து 20 மில்லிமீட்டர் அளவிலேயே தொடங்கிவிடும். எனவே அறையின் மின்சாரத்தை அணைப்பது இங்கே கட்டாயம். பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, நடுவில் பிட்டைச் செருகி, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொண்டால் தூளின் பெரும்பகுதி அதற்குள் விழும். ஊஞ்சல் கொக்கிபோல் ஆளின் எடையைத் தாங்க வேண்டிய எதையும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பித் தளத்தில் தொங்கவிடக் கூடாது. அதற்கு இரும்பு ஆங்கர் ஃபாஸ்டனர் வேண்டும். அதன் துளைக்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். அதைப் பொருத்த அனுபவமுள்ள ஆளும் வேண்டும்.

பிளக்கும் ஸ்க்ரூவும்

ஆர்தர் ஃபிஷர் என்னும் ஜெர்மானியர் 1958இல் நைலான் பிளக்கை உருவாக்கினார். ஸ்க்ரூ உள்ளே இறங்க இறங்க பிளக் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடிக்கிறது என்பதே அதன் செயல்முறை. ஆகவே துளை பிளக்கின் அளவிலேயே இருக்க வேண்டும்: 6 பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட், 8 பிளக்குக்கு 8. வழக்கமான நைலான் பிளக்குகளில் 6 மில்லிமீட்டருக்கு 30, 8க்கு 40, 10க்கு 50 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 6க்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும், 8க்கு 4.5 முதல் 6 வரையிலும், 10க்கு 6 முதல் 8 வரையிலும் பொருந்தும். கடையில் பிளக்குடன் சேர்த்துக் கொடுக்கும் ஸ்க்ரூ பல நேரங்களில் மெலிந்தும் குட்டையாகவும் இருக்கும். மெலிந்த ஸ்க்ரூ பிளக்கை விரிக்காது, குட்டையான ஸ்க்ரூ அதன் கடைசிவரை எட்டாது. பிளக்கின் நீளம், மாட்டப்படும் பொருளின் கனம், ஸ்க்ரூவின் விட்டம் மூன்றையும் கூட்டினால் வரும் நீளத்துக்குக் குறையாத ஸ்க்ரூவைக் கேட்டு வாங்க வேண்டும்.

பூச்சு எடையைத் தாங்காது. பன்னிரண்டு மில்லிமீட்டர் பூச்சுள்ள சுவரில் 30 மில்லிமீட்டர் பிளக்கை மேற்பரப்புக்குச் சமமாக வைத்தால் செங்கல்லுக்குள் இருப்பது 18 மில்லிமீட்டர்தான். புகைப்படச் சட்டத்துக்கு அது போதும். பதினைந்து லிட்டர் வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதன் சொந்த எடையையும் சேர்த்தால் இருபது கிலோவைத் தாண்டும். அத்தகையவற்றுக்குத் தயாரிப்பாளர் பெட்டியில் வைத்திருக்கும் ஃபாஸ்டனரையே பயன்படுத்தி, துளை செங்கல்லின் நடுவில் அமைகிறதா என்பதைத் தூளின் நிறத்தால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏஏசி பிளாக்குக்குத் தனியான பிளக் உண்டு. சாதாரணப் பிளக் அதில் நாளடைவில் தளரும்.

பிளக் ஆடினால் தீக்குச்சியும் காகிதமும் திணிப்பது தற்காலிகத் தீர்வுகூட அல்ல. துளையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்கிப் பெரிய பிளக்கை இட வேண்டும். அதற்கும் பெரிதாகிவிட்டிருந்தால், துளையைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் புதிய துளை போட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு

மின் பிளக்கைப் பாயிண்டிலிருந்து உருவிவிட்டுப் பிட்டைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் சுவரிலிருந்து வந்த பிட் வெறுங்கையால் தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். காற்றுத் துளைகளில் படிந்த தூளை உலர்ந்த தூரிகையால் நீக்க வேண்டும். சிமெண்ட் தூள் உள்ளே புகுந்துதான் பல இயந்திரங்கள் பாழாகின்றன. துளைகளின் வழியே தெரியும் சிறிய நீலப் பொறிகள் இயல்பானவை. மோட்டாரைச் சுற்றி வளையமாகப் பெரிய தீப்பொறி வந்தாலோ, ஓட்டம் விட்டுவிட்டு வந்தாலோ, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அதன் விலை மிகக் குறைவு. இரண்டு பிரஷ்களையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். எரிந்த வாடை அடித்தால் அது மோட்டார் காயிலின் சிக்கலாக இருக்கும், மீண்டும் ஓட்டிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுசெல்ல வேண்டும். வயரை இயந்திரத்தின்மீது இறுக்கிச் சுற்றாமல் தளர்ந்த வளையமாக மடித்து, சுத்தியல் பொத்தானைச் சுழற்சிக் குறிக்குத் தள்ளி வைத்துப் பெட்டியை மூட வேண்டும்.